ஐந்தாம் எண் கோழி

பின்ஹுக் சாலையில் ராய்ஸ் டிட்மோரின் நான்கு கோழிக் கொட்டகைகளும் காலியாகிவிட்ட செய்தி அவனுக்கு முழுதாக உறைப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. இதில் பெரிய துப்பறிதல் எதுவும் இல்லை. கொட்டகையின் பெரிய விசிறிகள் ஓடினால் அரை மைல் தூரத்துக்குக் கேட்கும். ஓடாமல் நின்றால் இன்னும் அதிக தூரம் கேட்கும்.

வடக்கு ஜார்ஜியாவின் எங்கள் மலையடிவாரத்தில் கோழி வளர்ப்பவனுக்குக் கோழி சொந்தமில்லை. குஞ்சு சன்னி பிளஃப் நிறுவனத்துடையது. தீவனம் அவர்களுடையது. வளர்ந்த கோழியைப் பிடித்துக்கொண்டு போகும் லாரியும் அவர்களுடையது. வளர்ப்பவனுக்கென்று மிஞ்சுவது கொட்டகை, செத்த கோழி, பழி. ஒப்பந்தப்படி அவன் வீட்டில் வேறு பறவை எதுவும் இருக்கக் கூடாது, தொற்று வருமாம். எங்கள் சாலையில் ஒருத்தி தன் கிளியையே அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

ராய்ஸின் கடைசிக் கோழிகள் அறுப்பு ஆலைக்குப் போனபோது நெஞ்சுக்கறி மரக்கட்டையாக இருந்ததாம். அழுத்திப் பார்த்தால் விரல்தான் அமுங்கியதாம். விசாரிக்க வந்த நிறுவனக் கள அதிகாரி பிராண்ட்லி நிக்ஸ், காலில் நீலப் பிளாஸ்டிக் உறைகளோடு வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"உங்க கோழிங்களுக்கு மனசு சரியில்ல ராய்ஸ்."

"கோழிக்கா?"

"நெஞ்சு இப்படி இறுகிப் போச்சுன்னா மனக்கஷ்டம்தான். வீட்ல சண்டை கிண்டை உண்டா?"

"நான் ஒண்டி ஆளு. யாரோட போய் சண்டை போட?"

"பாத்தீங்களா! தனிமை. கோழிக்கு அது சட்டுனு தொத்திக்கும்."

ராய்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "தீவனம் மாறியிருக்கு பிராண்ட்லி. பிப்ரவரியிலேருந்து வாடை வேற, ஆபீசுக்குப் போன் பண்ணிக்கூடச் சொன்னேன். தொட்டியைத் திறந்தா மரம் அறுக்கற பட்டறை மாதிரி வருது."

"தீவனத்துல என்ன இருக்குங்கறது கம்பெனி ரகசியம். ரகசியத்துக்கு எப்படிங்க வாடை வரும்?"

 இதற்குப் பதில் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

குற்றம் தீவனத்திலா, மனிதனிலா என்பதைப் பல்கலைக்கழகத்தின் பிராய்லர் இறைச்சித் தர ஆய்வு நிலையம் முடிவு செய்யும் என்றும், அதுவரை குஞ்சு கிடையாது என்றும் சொல்லிவிட்டு பிராண்ட்லி உறைகளைக் கழற்றி ராய்ஸின் தபால் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனான். அந்த நிலையம் யாருக்கும் சார்பில்லாதது என்று எல்லோரும் சொல்வார்கள். கட்டட முகப்பில் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருக்கிறது, சன்னி பிளஃப் என்ற எழுத்துகளுக்குக் கீழே, கொஞ்சம் தேடினால்.

ராய்ஸின் அக்கா வெர்னெல் ஸ்டோவல் சாலையின் எதிர்ப்பக்கம் இருக்கிறாள். கணவன் போய்ச் சேர்ந்த பிறகும் அவன் குடும்பப் பெயரை விடவில்லை. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் காலமெல்லாம் மற்றவர்களின் முகத்தைப் படம் பிடித்து ஓய்வு பெற்றவள். அன்று சாயங்காலம் தம்பியைத் தேடிப் போனவள், மூன்றாவது கொட்டகையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அவன் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். ஒரு கோடியில் நின்று பார்த்தால் மறுகோடி புகைமூட்டமாகத் தெரியும் நீளம். அதில் ஒரு மனிதன், ஒரு வாளி.

"சாப்டியாடா?"

"ஆகஸ்டு குஞ்சு லாரியில என் பேரு இல்லன்னா அப்புறம் எப்பவுமே இல்லக்கா. ஒருதரம் விட்டா மறுபடி சேத்துக்க மாட்டாங்க." அவன் கூரையை அண்ணாந்து பார்த்தான். "இவ்ளோ நீளத்துக்குள்ள வேற எதை வளக்கறது, சொல்லு. ரயிலா?"

அந்த வாரமே உள்ளூர்ப் பத்திரிகையில் ஆய்வு நிலையத்துக்குச் சுவைப்பவர்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. வெர்னெல் போனாள். டிட்மோரின் அக்கா என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்த நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பின்ஹுக் சாலை வரலாற்றில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

நிலையத்தின் இயக்குநர் டாக்டர் லொரீனா விட்செட் மெலிந்த, மணமே இல்லாத பெண்மணி. சென்ட், உதட்டுச் சாயம், கை கிரீம் எதுவும் கூடாது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி முக்கியமானதைச் சொன்னாள்.

"மிஸஸ் ஸ்டோவல், இங்க யாருக்கும் எதுவும் புடிக்கக் கூடாது. புடிக்காமலும் இருக்கக் கூடாது."

"அப்போ கறி நல்லா இருந்தா?"

"'நல்லா'ங்கறது இங்க ஒரு வார்த்தையே இல்ல."

சுவைக்கும் அறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். கறியின் நிறத்தைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாதாம். ஆளுக்கொரு தடுப்பு. எதிரில் சுவரில் ஒரு சின்னக் கதவு திறக்கும், ஒரு கை தட்டை நீட்டும், கதவு மூடிக்கொள்ளும். பாப்டிஸ்ட்காரியான வெர்னெலுக்கு அது கத்தோலிக்கர்களின் பாவமன்னிப்புக் கூண்டு போலப் பட்டது. பாவத்தைச் சொல்வதற்குப் பதில் மெல்ல வேண்டியிருந்தது, அதுதான் வித்தியாசம்.

முதல் வாரம் முழுக்கக் கோழியே கண்ணில் படவில்லை. ஈர அட்டையைச் சப்பக் கொடுத்தார்கள், 'அட்டைத்தன்மை' புரிவதற்கு. பித்தளைச் சாவியை நக்கக் கொடுத்தார்கள், 'உலோகத்தன்மை' புரிவதற்கு. பக்கத்துத் தடுப்பில் இருந்த ஹாய்ட் கேகிள் ஓய்வு பெற்ற தபால்காரர். நெடுங்காலமாக அங்கே மெல்பவர். சாவியை நக்கிவிட்டுத் திருப்தியோடு தலையாட்டினார். எங்கள் பக்கம் மணமானவளுக்கும் மரியாதைக்கு 'மிஸ்'தான்.

"பழைய சாவி மிஸ் வெர்னெல். போன வருஷமும் இதேதான் நக்கினேன்."

இரண்டாவது வாரம் ஐந்தை அறிமுகப்படுத்தினார்கள். கறியின் கடினத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பதினைந்து வரை எண் போட வேண்டும். ஒவ்வொரு நாளும் முதலில் ஒரு துண்டு வரும். அதன் கடினம் ஐந்து என்று டாக்டர் அறிவிப்பாள். அதற்குப் பிறகு வருவதையெல்லாம் அதோடு ஒப்பிட்டு எண் போட வேண்டும். அன்று வந்த ஐந்தை வெர்னெல் மென்றாள். தாடை வலித்தது.

"இதுவா அஞ்சு?"

"இதுதான் அஞ்சு."

"யார் சொன்னது டாக்டர்?"

"வருஷா வருஷம் கம்பெனி அனுப்பும். அந்த வருஷத்துச் சாதாரணக் கோழி எதுவோ அது அஞ்சு."

"போன வருஷத்து அஞ்சு?"

"அது போன வருஷத்து அஞ்சு."

"ரெண்டும் ஒண்ணா?"

"ரெண்டும் அஞ்சுதானே மிஸஸ் ஸ்டோவல்," என்றாள் டாக்டர், ஒரு குழந்தையிடம் பேசுவது போல. சுவரில் மாட்டியிருந்த பெரிய வரைபடத்தையும் காட்டினாள். பல வருடத்து இறைச்சித் தரம், ஒரு மேடு பள்ளம் இல்லாமல், தார் போட்ட சாலை போல நேராக ஓடியது. "நாட்டுல எந்த நிலையத்துலயும் இவ்ளோ நேரான கோடு கெடையாது."

வெளியே வரும்போது ஹாய்ட் காதோடு சொன்னார்: "கேள்வி கேக்காதீங்க. ஒருதடவை சமையலறையில ஏதோ குளறுபடி, மொதல் தட்டுல முள்ளங்கி வந்துடுச்சு. அன்னிக்கு முள்ளங்கிதான் அஞ்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. மொதல்ல என்ன வருதோ அதுதான்."

இந்தப் பயிற்சி வீட்டுக்கும் கூடவே வந்தது. தேவாலயத்தின் ஆண்டு விருந்தில், மரத்தடி மேசைகளில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து வைத்திருக்க, போதகரின் மனைவி ஆசையாகக் கேட்டாள்: "என் வறுத்த கோழி எப்படி இருக்கு மிஸ் வெர்னெல்?"

வெர்னெல் மென்றாள். தண்ணீரால் வாயைக் கொப்பளித்துக் காகிதக் கோப்பையில் துப்பினாள். "ஈரம் ஆறு. மென்மை நாலு. எண்ணெய் வாயில கொஞ்ச நேரம் நிக்குது."

போதகரின் மனைவி அதற்குப் பிறகு அவள் இருந்த மேசைப் பக்கமே வரவில்லை. ஹாய்ட் தன் மனைவியின் வாழைப்பழப் புட்டிங்கை 'மிதமானது' என்று சொல்லி ஒரு மாதம் சோபாவில் படுத்தது எங்களுக்கெல்லாம் ஏற்கெனவே தெரிந்த கதை.

ஜூன் மாதம் நிலையத்துக்குத் தாடியஸ் க்ரூம் என்பவர் வந்தார். தீவனத்தில் கலக்கும் 'நிம்பிள்' என்ற நொதியை விற்கும் நிறுவனத்தின் ஆள். சுவைப்பவர்களுக்கு அறிவியல் தெரிய வேண்டும் என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மனிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"நொதின்னா என்ன? கோழி வயித்துக்குள்ள நாங்க வைக்கற குட்டிக் குட்டிக் கத்திரிக்கோல். தானா செரிக்காததை அது நறுக்கிக் குடுக்கும். முந்தியெல்லாம் கோழிக்கு மக்காச்சோளமும் சோயாவும் போட்டோம். நான் கேக்கறேன், ஏன்? கோழி கேட்டுச்சா? மொதல்ல சோளத்தைக் குறைச்சு கோதுமைத் தவிடு போட்டோம். கோழி ஒண்ணும் சொல்லல. அப்புறம் கடலை ஓடு. ஒண்ணும் சொல்லல. அதோட இறகையே அரைச்சு அதுக்கே போட்டோம். அப்பவும் ஒண்ணும் சொல்லல! பிப்ரவரியிலேருந்து பைன் மரத்தூள். இத்தனை வருஷத்துல ஒரு கோழிகூட புகார் குடுத்ததில்ல, லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்."

வெர்னெல் கையைத் தூக்கினாள். "மரத்தூள் கரைஞ்சு எங்க சார் போகும்?"

"கறிக்குள்ளதான் மேடம், வேற எங்க போகும்?" என்றார் க்ரூம். உடனே டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லது மட்டும் போகும்," என்று சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் விட்செட் எழுந்து, 'நல்லது' என்பது இங்கே ஒரு வார்த்தை இல்லை என்று அவருக்கும் நினைவூட்டினாள்.

அன்று மாலை வெர்னெல் தம்பியின் கொட்டகைக்கு நேராகப் போனாள். "டேய், உன் மூக்கு சரிதான். மரத்தூளாம்."

ராய்ஸ் வாளியிலிருந்து எழுந்துவிட்டான். "அப்போ வெளிய சொல்லுக்கா!"

"உள்ள கேட்டதை வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். சொன்னா கோர்ட்டுக்கு இழுப்பாங்க."

"என்கிட்ட சொல்றியே?"

"நீ வெளியாடா?"

அதுவும் நியாயம்தான். ராய்ஸ் மறுபடி உட்கார்ந்தான். "ஆனா அதையே போட்டுத்தானே எல்லாரும் வளக்கறாங்க? எல்லார் கோழியும் அப்படித்தானே இருக்கும்? என்னை மட்டும் ஏன் பிடிச்சாங்க?"

"நீதான் வாடை வருதுன்னு சொன்னே," என்றாள் அக்கா.

இங்கே நான் ஒரு வம்பை நுழைத்தாக வேண்டும், மன்னிக்கவும். ஹாய்ட் கேகிளின் மனைவி ஓர்லீன் முடி திருத்துபவள். அவள் நாற்காலியில் உட்காரும் தலைகளில் ஒன்று, சன்னி பிளஃப் துணைத் தலைவர் வார்ட் பென்ஃபீல்டின் மனைவி மார்லீனுடையது. ஏரிக்கரையில் அவர்கள் வீட்டுப் பின்புறம் சிவப்புச் சன்னல் வைத்த ஒரு கோழிக்கூடு இருக்கிறதாம். அதில் இருப்பவை உடைத்த சோளமும் புல்லும் தின்று, அவசரமில்லாமல் வளர்கின்றனவாம். ஒப்பந்தத் தடை வளர்ப்பவர்களுக்குத்தான், துணைத் தலைவர்களுக்கு இல்லை. பென்ஃபீல்டுக்கு ரத்தக் கொதிப்பு. உப்புத் தொடக் கூடாது. அதனால் மார்லீன் தினமும் தன் கூட்டுக் கோழியின் நெஞ்சுக்கறியை ஒரு பிரிஞ்சி இலையோடு வெறுமனே வேகவைத்து, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, டப்பாவில் போட்டு அனுப்புகிறாள். ஓர்லீன் இதை வெர்னெலிடம் ஹேர் டிரையர் இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னதால் கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஜூலைக் கடைசியில் தீர்ப்பு நாள் வந்தது. நிலையத்தின் பெரிய கூடத்தில் வளர்ப்பவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இனிப்புத் தேநீர் உண்டு. கோழி இல்லை, ஹாம் சாண்ட்விச்தான். சுவைப்பவர்கள் பக்கத்துச் சிவப்பு அறையில் எண் போட, அது கூடத்துத் திரையில் தெரியும். ராய்ஸின் கோழி ஐந்தைத் தாண்டினால் குற்றம் ராய்ஸினுடையது. தாண்டாவிட்டால் என்ன என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. ஒப்பிட்டுக் காட்ட இந்த வருடத்து முதல் தர வளர்ப்பாளர்கள் மூவரின் கோழியும் இருந்தது. ராய்ஸ் கடைசி வரிசையில், தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருந்தான்.

பென்ஃபீல்ட் பேசினார். "நாம ஒரு குடும்பம். குடும்பத்துல ஒருத்தன் தப்பு பண்ணா குடும்பம் என்ன செய்யும்? கண்டுபிடிக்கும். எங்க தீவனத்துல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. அவ்ளோ பத்திரமா வெச்சிருக்கோம்! உலகத்துலேயே நல்ல கோழி நம்ம கோழிதான். நான் தினமும் மத்தியானம் கோழிதான் சாப்பிடறேன், கேட்டுப் பாருங்க என் வீட்டம்மாவை."

சமையலறைப் பையன் கூடத்தில் தொங்கும் பதாகையைச் சரிசெய்யப் போயிருந்தான். டாக்டர் சிவப்பு அறைக்குள் தலையை நீட்டினாள். "மிஸஸ் ஸ்டோவல், ஐஸ் பெட்டியிலேருந்து ஐந்தை எடுத்து எல்லாத் தட்டுலயும் வைங்க."

வெர்னெல் சமையலறைக்குப் போனாள். ஐஸ் பெட்டியைத் திறந்தாள். இரண்டு டப்பாக்கள். இரண்டிலும் உப்பில்லாமல் வேகவைத்து நறுக்கிய வெள்ளைக் கறி. ஒன்றின் மூடியில் 5 என்று எழுதியிருந்தது. மற்றொன்றில் நீலக் காகிதத்தில் ஓர் இதயம் ஒட்டி, 'வார்ட், மெதுவாகச் சாப்பிடுங்கள்' என்று இருந்தது.

அவள் எதையும் திட்டமிட்டு வரவில்லை. இதை நான் நம்புகிறேன், ஏனென்றால் முதலில் அவள் 5 என்ற டப்பாவைத்தான் கையில் எடுத்தாளாம். கதவு இடுக்கில் கடைசி வரிசை தெரிந்தது. தம்பி தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தான். அவள் இதயம் ஒட்டிய மூடியைத் திறந்தாள்.

சிவப்பு விளக்கில் எல்லோரும் முதல் துண்டை வாயில் போட்டார்கள்.  ஹாய்ட் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த தடுப்பில் ஒரு பெண் யாருக்கும் கேட்காது என்று நினைத்து மெல்ல முனகினாள். ஆனாலும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் வந்தது, ஆகவே அது ஐந்து.

பிறகு ராய்ஸின் கோழி வந்தது. மென்றார்கள், மென்றார்கள். கூடத்துத் திரையில் எண்கள் ஏறின: பதினைந்து. எல்லாமே பதினைந்து. அதற்கு மேல் எண் இல்லை. பிராண்ட்லி நிக்ஸ் எழுந்து நின்று, "நான்தான் அப்பவே சொன்னேனே, தனிமை!" என்றான். பென்ஃபீல்ட் ராய்ஸைப் பார்த்து வருத்தத்தோடு தலையாட்டத் தொடங்கினார்.

அதற்குள் முதல் தர வளர்ப்பாளர்கள் மூவரில் முதலாமவரின் கோழி வந்தது. பதினைந்து. இரண்டாமவருடையது. பதினைந்து. மூன்றாமவருடையது வந்தபோது ஹாய்ட் பொத்தானை அழுத்தி அழுத்தி, பதினாறு இல்லாததால் எழுந்து வெளியே வந்து, "இதுக்கு எண் பத்தல டாக்டர்!" என்று கத்தினார்.

கூடத்தில் தொப்பிகள் திரும்பின. அந்த மூவரில் ஒருவரான பெட்டஸ் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். "என் கோழியும் அதேவா? எனக்கு வீட்ல மூணு பேரன், நாலு நாய், வேலைக்காரப் பட்டாளம். நானா தனிமை?"

"எல்லாருக்கும் பொதுவா இருக்கறது ஒண்ணுதான்," என்றான் ராய்ஸ் கடைசி வரிசையிலிருந்து. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"ஐந்துலதான் ஏதோ கோளாறு!" பென்ஃபீல்ட் மேடையிலிருந்து இறங்கி, ஹாய்ட் கையோடு கொண்டுவந்திருந்த தட்டில் மிச்சமிருந்த ஐந்தில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். அவர் முகம் ஒரு கணம் வீட்டுக்குப் போய்விட்டு வந்தது. "பிரிஞ்சி இலை…" என்றார். பிறகு ஒரு கர்ஜனை: "இது நம்ம கோழியே இல்ல! இது என் கோழி! என் வீட்டுக் கோழி! என் சாப்பாட்டை எவன் எடுத்தது?"



"உங்க வீட்டுக் கோழி என்னங்க திங்குது?" என்றார் பெட்டஸ், ரொம்ப மரியாதையாக.

"சோளம்தான். வேற என்ன திங்கும்? கண்டதைப் போட முடியுமா, அது எங்க சாப்பாட்டுக்குய்யா!"

சொல்லி முடித்த பிறகுதான் துணைத் தலைவர் தான் சொன்னதைக் கேட்டார்.

அடுத்து நடந்தவற்றில் விசாரணை, தண்டனை என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். சாப்பாட்டை மாற்றியது யார் என்று விசாரித்தால் அந்தச் சாப்பாடு எதற்கு வந்தது என்றும் விசாரிக்க வேண்டிவரும். ஆகவே யாரும் மாற்றவில்லை என்று நிறுவனமே அறிவித்தது. முதல் தட்டில் 'அளவுக்கு மீறிய மென்மை என்னும் மாசு' கலந்துவிட்டதாக டாக்டர் விட்செட் பத்திரிகைக்கு விளக்கினாள். அந்த நாள் வரைபடத்தில் சேர்க்கப்படவில்லை. கோடு நேராகவே போகிறது. வெர்னெலை மட்டும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கையில் கிரீம் தடவியிருந்தாளாம்.

ஆனால் வளர்ப்பவர்கள் மத்தியில் முணுமுணுப்பு அடங்கவில்லை. ராய்ஸைத் தள்ளி வைத்தால் அவன் இன்னும் பேசுவான், பெட்டஸும் சேர்ந்து பேசுவார். ஆகஸ்டில் ஒரு விடியற்காலையில் குஞ்சு லாரி பின்ஹுக் சாலையில் திரும்பியது. நான்கு கொட்டகை விசிறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இரையத் தொடங்க, நாங்கள் எல்லோரும் இரவு உடையிலேயே வாசலுக்கு வந்துவிட்டோம். வெர்னெல் சாலையைக் குறுக்கே ஓடியே கடந்தாள். மஞ்சள் குஞ்சுகள் தரை முழுக்க ஓட, ராய்ஸ் நடுவில் நின்று, கண்ணைத் துடைத்தானா தூசியைத் துடைத்தானா என்று நான் நின்ற இடத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை.

குஞ்சு லாரிக்குப் பின்னாலேயே தீவன லாரியும் வந்தது. தொட்டி நிறைந்தது. பிராண்ட்லி நிக்ஸ் நீல உறைகளோடு கேட்டுக்கு வெளியே நின்றான். இந்தத் தடவை மறக்காமல் கேட்டான்.

"தீவனம் எப்படி இருக்கு ராய்ஸ்? வாடை கீடை வருதா?"

ராய்ஸ் தொட்டி மூடியைத் திறந்து ஒரு கை அள்ளினான். மூக்கருகே கொண்டுபோனான். அக்கா பக்கத்தில்தான் நின்றாள். இரண்டடி தள்ளி நின்ற அவளுக்கே மரம் அறுக்கும் பட்டறை வாடை அடித்தது. ராய்ஸ் பின்னால் திரும்பி, விளக்கின் கீழே கூடிக் கிடந்த குஞ்சுகளைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். 

"அஞ்சு," என்றான் ராய்ஸ்.